வட்டைக்கு வாரிசு யார்?

சாய்ந்தமருதில் ஆட்டோவில் ஏறி "பொலிவேரியன்" என்று சொன்னால் போதும், கேள்வி கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அது யாருடைய பெயர் என்று கேட்டால் ஓட்டுகிறவருக்கும் தெரியாது, ஏறியவருக்கும் தெரியாது. தென்னமெரிக்காவின் சிமோன் பொலிவாருடைய பெயர் அது. சுனாமிக்குப் பிறகு வெனிசுவேலாவின் உதவியில் கட்டப்பட்ட வீடுகள் என்பதால் கிராமத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மருதமுனையில் இன்னொன்று இருக்கிறது, '65 மீற்றர் வீட்டுத்திட்டம்'. அங்கே கொடையாளியின் பெயர்கூட இல்லை, கடலிலிருந்து அளந்த தூரம்தான் ஊரின் பெயர்.

எங்களில் சிலர் வளர்ந்தது இப்படியான திட்டங்களில்தான். அதனால் ஈரநிலம், கட்டடம், காட்டுயிர் பற்றி எழுத உட்காரும்போது "ஏன் வட்டையை நிரப்பினார்கள்?" என்று வெளியில் நின்று கேட்க எங்களுக்கு வாய் வராது. நிரப்பிய மண்ணுக்கு மேலேதான் நாங்கள் நடக்கப் பழகினோம்.

கரைவாகு வட்டை என்பது கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் மேற்கே கிடக்கும் வயலும் சதுப்பும். மாரியில் மேற்கிலிருந்து வரும் தண்ணீர் அங்கே தங்கி, தோணா வழியாகக் கடலுக்குப் போகும். எங்கட மூத்தம்மாமார் பன் பிடுங்கிப் பாய் இழைத்தது இப்படியான நிலத்தில். விராலும் கெழுத்தியும் அங்கேதான், கொக்கும் நீர்க்காகமும் அங்கேதான். "அப்ப அது சும்மா கிடந்த நிலமில்ல மகள், எல்லாருக்கும் அதுல ஒரு வேல இருந்த" என்று ஒரு மூத்தம்மா சொன்னார். இன்று தோணாவில் ஆற்றுவாழையும் குப்பையும்.

சும்மா கிடந்த நிலம் என்ற எண்ணத்துக்கு வயது கொஞ்சம் கூட. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் வேறு உரித்து நிரூபிக்கப்படும்வரை முடிக்கே சொந்தம் என்று எடுத்துக்கொண்டது. பன் பிடுங்குவதற்கு யாரிடம் உறுதி இருக்கும்? பயிர் செய்தால் காணி, செய்யாவிட்டால் தரிசு. சதுப்பு என்ற ஒன்று அந்தக் கணக்கிலேயே இல்லை.

அதே ஆட்சிக்குள்தான் 1894இல் இலங்கையின் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரர்களும் சேர்ந்து, சுடுவதற்கு விலங்கு மிஞ்சவேண்டுமே என்ற கவலையில் தொடங்கியது என்று சொன்னால் பெரிய பிழையில்லை. இன்று அது வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். உலகத்தின் மிகப் பழைய இயற்கைச் சங்கங்களில் ஒன்று. 1937இல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது, 1938இல் யால தேசியப் பூங்கா. சங்கம் அரசைத் தூண்டியது, அரசு கோடு கீறியது. சங்கம் காணி வாங்கித் தானே காத்த கதை அந்தக் காலத்தில் இல்லை.

எங்கட பக்கம் பெரிய கோடு கீறப்பட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை, கீழே குடியேற்றம், கரும்பு, நெல். குளத்தின் நீரேந்து காட்டைக் காக்க 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை மாவட்டம். யானைக்குப் பூங்கா, குடியேறியவர்களுக்குக் காணி, கடற்கரை ஊர்களுக்கு? கடலுக்கும் வட்டைக்கும் நடுவே இருந்த அதே மெல்லிய நாடா.

அந்த நாடாவுக்குள் ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதற்கு வெளியூர்க்காரர் சனத்தொகையைக் காரணம் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்த காரணம் சீதன வீடு. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் வாப்பா ஒரு வீடு கட்டவேண்டும். மூன்று கொமர் இருந்தால் மூன்று வீடு. வளவு பாதியாகும், பாதி காலாகும், கடைசியில் சுவரோடு சுவர். காணி முடிந்ததும் பார்வை மேற்கே திரும்பும். கிறவலை ஏற்றிக்கொண்டு வரும் டிப்பரின் பின்னால் ஒரு பேராசைக்காரர் இருக்கிறார் என்று நினைப்பது சுலபம். பெரும்பாலும் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்ட ஒரு வாப்பாதான் இருக்கிறார்.

2004 டிசம்பர் 26 இந்த நாடாவையும் பாதியாக்கியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் உயிர்கள். பிறகு கடலிலிருந்து வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்கும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்கும் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. இந்த இரண்டு அளவுகள் ஏன் என்று இன்றுவரை ஊரில் கேட்கிறார்கள். 200 மீற்றரை விட்டால் சில ஊர்களில் மிச்சம் என்ன இருக்கும்? அந்த அளவு பிறகு குறைந்தது. வெளிநாடுகள் வீடு தரத் தயார். ஆனால் வீட்டை வைக்க நிலம் வேண்டுமே! கிடைத்தது வட்டைதான். கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார், வாங்கியவருக்கு வேறு வழியில்லை, தண்ணீரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

வட்டைக்கு வெளியே நிலம் தேடிய கதை நுரைச்சோலை. அக்கரைப்பற்றுப் பக்கம், சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள், பள்ளிவாசல், பாடசாலை, வைத்தியசாலையோடு கட்டி முடிந்தன. தீகவாபிப் புனிதப் பூமியோடு சேர்ந்த நிலம் என்று எதிர்ப்பு வந்தது, எல்லாவல மேதானந்த தேரர் உயர்நீதிமன்றம் போனார், முஸ்லிம்களுக்கு மட்டும் வழங்குவதை 2009இல் நீதிமன்றம் நிறுத்தியது. சுனாமியில் வீடிழந்தவர்கள் வாடகை வீடுகளில் இருக்க, 500 வீடுகளும் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்து பற்றை பிடித்தன. காடும் காப்பாற்றப்படவில்லை, ஆட்களும் குடியேறவில்லை.

இதற்குப் பிறகு 'சூழல் பாதுகாப்பு' என்று யாராவது சொன்னால் எங்கட ஊரில் முதலில் வருவது சந்தேகம். வில்பத்து விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் முசலிப் பக்கம் திரும்பிவந்தபோது, 2015 அளவில் அவர்கள் காடழிப்பவர்களாகத் தெரிந்தார்கள். அவர்கள் இல்லாத இருபது வருடத்தில் வளவுகளில் மரம் வளர்ந்திருந்தது என்பதை எத்தனை பேர் எழுதினார்கள்? சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சந்தேகத்தையே சாட்டாக வைத்துக்கொண்டு எங்கட பக்கத்துப் பிழைகளைப் பேசாமல் விடுகிறோம் என்றும் நினைக்கிறோம். ஒலுவிலில் எங்கட வளாகத்திலிருந்து தூரமில்லை, பள்ளக்காடு. சுற்று ஊர்களின் குப்பை அங்கே போகிறது. அந்தக் குப்பையில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகமெல்லாம் செய்தி போனது. அந்தப் பைகளில் எங்கட வீட்டுப் பைகளும் இருந்திருக்கும்.

அரசின் கோடு ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு, அது இங்கிலாந்தில் ஒரு சதுப்பில் நடந்தது. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் விக்கன் ஃபென். சுற்றியுள்ள சதுப்பெல்லாம் வடித்து வயலாக்கப்பட்ட காலத்தில், 1899இல் நேஷனல் டிரஸ்ட் அங்கே இரண்டு ஏக்கரைப் பத்துப் பவுணுக்கு வாங்கியது. 1901இல் சார்ல்ஸ் ரொத்சைல்ட் என்ற வங்கிக்காரர் இன்னொரு துண்டை வாங்கி நன்கொடையாகக் கொடுத்தார். அவருக்குத் தெள்ளுப்பூச்சி ஆராய்ச்சியில் பைத்தியம், உண்மையாகத்தான் சொல்கிறோம். 1907இல் ஒரு சட்டம் வந்தது: டிரஸ்ட் 'விற்கமுடியாதது' என்று அறிவித்த நிலத்தை டிரஸ்டே நினைத்தாலும் விற்க முடியாது.

இதை வாசித்தபோது எங்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். "இது வக்ஃபுதானே?" உண்மை. வக்ஃபு செய்த சொத்தை விற்க ஏலாது, அன்பளிப்புக் கொடுக்க ஏலாது, வாரிசுக்குப் போகாது. அதற்கென்று இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. எங்கட ஊர்களில் பள்ளிவாசல், மையவாடி, மத்ரஸா எல்லாம் இப்படி யாரோ கொடுத்த நிலத்தில் நிற்பவை. காணி கொடுக்கத் தெரியாத சமூகமில்லை நாங்கள். தண்ணீருக்கும் பறவைக்கும் கொடுத்ததாக மட்டும் நாங்கள் கேள்விப்படவில்லை.

மார்க்கத்தில் அதற்கு இடமில்லையா? நட்ட மரத்தில் பறவை தின்றாலும் தர்மம் என்று சின்ன வயதிலேயே ஓதிக்கொடுக்கிறார்கள். 'ஹிமா' என்ற ஒதுக்கு நிலமும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வெளியே அந்நகீஃ என்ற இடத்தைக் குதிரைகளுக்காக ஒதுக்கினார்கள். உமர் (ரழி) ஹிமாவின் பொறுப்பாளருக்குச் சொன்னது எங்களுக்கு இன்னும் பிடித்தது: கொஞ்ச ஒட்டகமும் ஆடும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு, பெரிய மந்தைக்காரரை விடாதே. பெரிய மந்தைக்காரர் என்று அவர் பெயர் சொன்னவர்கள் சாதாரண ஆட்களில்லை, உஸ்மானும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபும் (ரழி). நிலத்தை ஒதுக்கும்போது யார் வெளியே நிற்கவேண்டும் என்ற கேள்விக்கு நுரைச்சோலையிலோ வில்பத்துவிலோ இப்படி யாரும் பதில் சொன்னதாக எங்களுக்குத் தெரியவில்லை. லெபனானில் 2004 முதல் ஒரு பறவைச் சங்கம் ஊர்ச் சபைகளோடு சேர்ந்து ஹிமாவைத் திரும்பக் கொண்டுவருகிறது, பெயரும் அதே பெயர்.

வட்டையை வக்ஃபு செய்யலாமா என்று ஒரு பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபையில் இருந்த பெரியவரிடம் போய்க் கேட்டோம். சிரிக்கவில்லை, யோசித்தார். "தண்ணி போற பாதைக்கு வக்ஃபு செய்யிறது நல்ல காரியம்தான் மகன். 2024 நவம்பர்ல மாவடிப்பள்ளியில மத்ரஸாப் புள்ளைகள வெள்ளம் கொண்டுபோன நேரம் நானும் அத நினைச்சன். ஆனா ஆர் குடுப்பா? எல்லாருக்கும் கொமர் இரிக்கி."

அதற்கு மேல் அவரிடம் வாதாட எங்களுக்கு முகம் இல்லை. எங்களில் ஒருவருக்கு இரண்டு தங்கச்சிமார். வாப்பா மூத்தவளுக்குப் பார்த்துவைத்திருக்கும் பத்துப் பேர்ச் காணியும் வட்டைப் பக்கம்தான். போன மாரியில் பார்க்கப் போனபோது முழங்காலளவு தண்ணீர், நடுவே ஒரு கொக்கு நின்றது. "இருபது லோட் கிறவல் போட்டாச் சரி" என்றார் புரோக்கர்.