மேல்முறையீடு (உரிமையியல்)

கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பு பிழைபட்டதென்று கருதும் கட்சிக்காரர், அதனைப் பரிசீலித்து உறுதி செய்யவோ, திருத்தவோ, ரத்துச் செய்யவோ அதிகாரம் படைத்த மேல் நீதிமன்றத்தை நாடுவது மேல்முறையீடு எனப்படும்; கோர்ட்டுப் பேச்சு வழக்கில் இது ‘அப்பீல்’. உரிமை வழக்குத் தொடுப்பதற்குத் தனிச் சட்டத்தின் அனுமதி வேண்டுவதில்லை. மேல்முறையீட்டுக்கோ சட்டத்தின் வெளிப்படையான விதி இன்றியமையாதது.

சரித்திரம்: 1772-இல் வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டத்தின்படி, ஜில்லாக்களின் திவானி அதாலத்துகளுக்கு (உரிமையியல் நீதிமன்றங்களுக்கு) மேலாகக் கல்கத்தாவில் ஸதர் (தலைமை) திவானி அதாலத்து நிறுவப்பெற்றது. 1793-இல் காரன்வாலிஸ் பிரபு இவ்விரண்டுக்கும் இடையே நான்கு மாகாண அப்பீல் கோர்ட்டுகளை ஏற்படுத்தினார். அம்முறையே 1802-இல் சென்னை மாகாணத்திலும் புகுத்தப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்த அதாலத்துகளும், பிரிட்டிஷ் அரசரின் சாசனத்தால் சென்னைப் பட்டணத்துக்கென 1801-இல் தோன்றிய சுப்ரீம் கோர்ட்டும் தனித்தனியே இயங்கிவந்த இரட்டை நிலை, 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 1862-இல் சென்னை ஹைகோர்ட்டு உதயமானபோது ஒழிந்தது.

இவற்றுக்கெல்லாம் உச்சியில் லண்டன் பிரிவி கவுன்சில் இருந்தது. அதன் நீதிக்குழு 1833-இல் சட்டத்தால் அமைக்கப்பெற்றது. சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கில் 1863-இலும், விதவையின் சுவீகார உரிமை பற்றிய இராமநாதபுரம் வழக்கில் 1868-இலும் அங்கே பிறந்த தீர்ப்புகள் ஹிந்து தர்ம சாஸ்திரத்துக்கே புதிய வியாக்கியானங்களாயின. இந்திய அப்பீல்களைக் கேட்கும் பிரிவி கவுன்சிலின் அதிகாரம் 1949-இல் நீங்கியது. 1950 முதல் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்விடத்தைப் பெற்றது.

இன்றைய அமைப்பு: 1909 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்த 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96-ஆம் பிரிவு முதல் அப்பீலையும், 100-ஆம் பிரிவு இரண்டாவது அப்பீலையும் வழங்குகின்றன. முன்னதில் சாட்சியங்களையும் சட்டத்தையும் ஒருங்கே மறு ஆய்வு செய்யலாம். பின்னது ஹைகோர்ட்டுக்கே உரியது. சங்கதிகளைப் பற்றிய முடிவு தவறானதென்பது மட்டுமே இரண்டாவது அப்பீலுக்குக் காரணமாகாதென்று பிரிவி கவுன்சில் 1890-இலேயே கண்டிப்பாகக் கூறியிருந்தும், வழக்குகள் பெருகியமையால், முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தாலன்றி அதனை ஏற்கலாகாதென்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. இருதரப்பினரும் சம்மதித்துப் பெற்ற டிக்ரியின் (தீர்ப்பாணையின்) மேல் அப்பீல் இல்லை. ஹைகோர்ட்டில் தனி நீதிபதி அப்பீலில் அளிக்கும் தீர்ப்பின்மேல் அங்கேயே மீண்டும் அப்பீல் செய்வதும் 2002 முதல் விலக்கப்பட்டது.

உரிமையின் இயல்பு: இவ்வாறு சட்டமே தந்து சட்டமே சுருக்கிய உரிமையாயினும், அது தீர்ப்புச் சொல்லப்படும் நாளில் தோன்றுவதன்று, வழக்குத் தாக்கலாகும் நாளிலேயே கட்சிக்காரரிடம் வேரூன்றிவிடுவது. பிரிவி கவுன்சில் 1905-இல் நிலைநாட்டிய இத்தத்துவத்தைக் கரிகபாடி வீரய்யா வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கி, பின்னர் இயற்றப்படும் சட்டமொன்று வெளிப்படையாகவோ தவிர்க்கவொண்ணாத உட்பொருளாலோ பறித்தாலன்றி, நிலுவையிலுள்ள வழக்குக்கு உரிய அப்பீல் உரிமை அழிவதில்லையென்று முடிவு செய்தது.