காலம் எல்லார்க்கும் ஒன்றோ?

அரசனாயினும் ஆண்டியாயினும் நாழிகை ஒன்றே என்பது உலகத்தார் நெடுங்காலம் கொண்டிருந்த நம்பிக்கை. ஆங்கிலப் பேரறிஞர் நியூட்டன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில், எவரையும் எதனையும் சாராது ஒரே சீராக ஓடுவது காலம் என்று வரையறுத்தார். இரு நூற்றாண்டுகளாக அதனை ஐயுற்றோர் மிகச் சிலரே.

1905ஆம் ஆண்டில் அந்த அடித்தளம் அசைந்தது. சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில், காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 வயதினரான அல்பேட் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர். அதனை அளப்பவர் நின்றாலும் சீராக விரைந்தாலும் அவ்வேகம் மாறாது என்று கொண்டால், காலமும் நீளமும் மாறியே தீரவேண்டும் என அவர் காட்டினார். விரைந்து செல்லும் கடிகாரம், நிற்கும் கடிகாரத்தினும் மெதுவாக நடக்கும்.

1911இல் பிரெஞ்சு அறிஞர் லாஞ்செவன் இதற்கு ஒரு பயணியைக் கற்பித்தார். ஒளியின் வேகத்தில் இருபதினாயிரத்தில் ஒரு பங்கே குறைந்த வேகத்துடன் அவன் செல்கின்றான். போக ஓராண்டு, மீள ஓராண்டு. இரண்டு வயது மட்டும் மூத்து அவன் வந்திறங்கும்போது, பூமியில் 200 ஆண்டுகள் கழிந்துவிட்டன. வழியனுப்பியவருள் ஒருவரும் உயிரோடில்லை.

இது வெறுங் கற்பனைதானோ? மியூவன் என்னும் நுண்ணிய துணிக்கைகள் இவ்வினாவுக்கு விடை தந்தன. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதுவதால் இவை தோன்றுகின்றன. இவற்றின் சராசரி ஆயுள், செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு. அதற்குள் ஒளியே ஏறக்குறைய 660 மீற்றர்தான் செல்லும். அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,900 மீற்றர் மேலே, பிரிஷ், ஸ்மித் என்னும் இருவர் மணிக்குச் சுமார் 563 மியூவன்களை எண்ணினர். பழைய கணக்கின்படி கடல்மட்டத்தை எட்டுவன 27 அளவே. அங்கே எண்ணியபோதோ 400க்கு மேல் இருந்தன! 1963இல் வெளியான இம்முடிவு, விரைவோரின் காலம் மெதுவாகின்றது என்பதை ஐயமறக் காட்டிற்று.

1971இல் ஹாபெலே, கீற்றிங் என்போர், அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினர். ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கினால், கிழக்கு நோக்கிச் சென்ற பயணத்தில் அவை 59 கூறு பின்தங்கின. மேற்கு நோக்கிச் சென்றபோது, பூமியின் சுழற்சிக்கு எதிராகப் பறந்தமையாலும் உயரத்தில் ஈர்ப்புக் குறைந்தமையாலும் 273 கூறு முந்தின. இரண்டும் ஐன்ஸ்டைன் வகுத்த கணக்குக்கு ஒத்தே இருந்தன.

லாஞ்செவனின் பயணி தன் ஆயுள் நீண்டதாக உணர்வதில்லை. அவன் வாழ்ந்தது இரண்டு ஆண்டுகளே. எதிர்காலத்துக்குச் செல்ல இயற்கை ஒரு வழி வைத்திருக்கின்றது. அவ்வழியே மீண்டு வருதல் இயலாது. ஆதலால் அத்தகைய பயணம் புறப்படுவோன், தன் ஊரை மட்டுமன்றித் தன் காலத்தவரையும் பிரிந்தே செல்லவேண்டும்.