சுவரிலிருந்து செல்போன் வரை

எங்கள் திருவண்ணாமலையில் அம்மா படித்த காலத்தில் கேலி செய்ய ஒரு கரிக்கட்டை போதும். பையன் என்றால் பள்ளிச் சுவரில் பட்டப்பெயர். பெண் என்றால் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பையனின் பெயர். வெள்ளை அடித்தால் அழிந்துவிடும். இணையம் வந்தபின் என்ன ஆனது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது. அடுத்த ஆண்டே டில்லியில் ஒரு பள்ளி மாணவன் அதன் 67-வது பிரிவில் கைதானான். அவன் முகத்திலிருந்த தழும்புகளை வகுப்பில் கேலி செய்திருக்கிறார்கள். பதிலுக்கு அவன் ஓர் இணையதளம் தொடங்கி, மாணவிகளையும் ஆசிரியைகளையும் ஆபாசமாகச் சித்தரித்தான்.

கவனித்தீர்களா? அவனுக்கு விழுந்த அடி தோற்றத்தின் மேல். அவன் திருப்பி அடித்தது பெண்களின் மானத்தின் மேல்.

பெரியவர்களும் இதைத்தான் செய்தார்கள். சென்னையில், தன்னைத் திருமணம் செய்ய மறுத்த பெண்ணைப் பற்றி ஒருவர் யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதினார். 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு 2 ஆண்டு சிறை விதித்தது.

இன்று பையன் வீட்டில் சொன்னால், "ஆம்பளப் பிள்ளை இதுக்கெல்லாம் அழலாமா?" என்கிறோம். பெண் சொன்னால் போனைப் பிடுங்குகிறோம், சில வீடுகளில் படிப்பையே நிறுத்துகிறோம். அதனால் இருவருமே சொல்வதில்லை.

டில்லி வழக்கு வெளியே வந்ததே ஒரு மாணவியின் அப்பா போலீசுக்குப் போனதால்தான். நம் வீடுகளுக்குத் தேவை அப்படி ஓர் அப்பா. அதுவரை, நண்பர்களே, 1098 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.