மேரிபோர்ட் பலிபீடங்களும் எல்லைப்படை வீரரின் வழிபாடும்

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையிலுள்ள மேரிபோர்ட், ஹேட்ரியன் சுவரின் தொடர்ச்சியாக அமைந்த கடலோரக் காவற்கோட்டைகளுள் ஒன்று. 1870ஆம் ஆண்டில் அக்கோட்டைக்கு வெளியே, குழிகளிலிருந்து 17 உரோமானியப் பலிபீடங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை படைத்தலைவர்கள் யூப்பிட்டருக்கு நிறுவியவை.

இப்பீடங்கள் மண்ணுள் புதைந்தது எவ்வாறு? ஆண்டுதோறும் பேரரசனின் நலம் வேண்டிப் படையினர் நேர்ந்துகொள்வர்; புதிய பீடம் நிறுவப்பட்டதும் பழையது முறைப்படி அடக்கம் செய்யப்படும் என்று 1939இல் எல். பி. வென்ஹாம் விளக்கினார். உரோமானியப் படைச் சமயம் பற்றிய நூல்கள் பலவற்றில் இக்கருத்து ஏறத்தாழ மெய்ம்மையாகவே இடம்பெற்றது. 2011 முதல் இயான் ஹெய்ன்ஸ், டோனி வில்மட் ஆகியோர் அதே இடத்தில் நடத்திய அகழாய்வு இதனைத் தகர்த்தது. அக்குழிகள் பெரிய மரக்கட்டடங்களின் தூண்குழிகள். தூண்கள் அசையாதிருக்க இட்டு நிரப்பிய கற்களே இப்பீடங்கள். தச்சரின் வேலை பூசகரின் சடங்காக எழுபது ஆண்டுகள் வாசிக்கப்பட்டுள்ளது.

அடக்கச் சடங்கு இல்லையெனில் எஞ்சுவது கல்வெட்டு வாசகமே. அவ்வாசகமோ பெரிதும் தலைவர்களைப் பற்றியது. இத்தாலியின் கேமரினத்தைச் சேர்ந்த மார்க்கஸ் மேனியஸ் அக்ரிப்பா, முதலாம் இசுபானியப் படைப்பிரிவின் தலைவராக இங்கு ஒன்றுக்கு மேற்பட்ட பீடங்களை நிறுவினார். அவர் பெயரும் பதவியும் தெளிவாக உள்ளன. அவர்கீழ்ப் பணியாற்றிய வீரர் எவரும் பெயரால் சுட்டப்படவில்லை. எனவே இவற்றைப் 'படைவீரர் பக்தி'க்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. பதவிக் கடமைக்கே இவை முதன்மையாகச் சான்றாகும். நேர்ந்தவரின் உள்ளத்தில் பக்தி இல்லையென்பது இதன் பொருளன்று. கல் அதனைக் கூறவில்லை என்பதே.

எளிய வீரரின் வழிபாட்டைக் காண, சுவரையொட்டிய பகுதிகளில் ஐம்பதுக்கும் மேலாகக் கிடைத்துள்ள வெட்டெரிஸ் பீடங்களை நோக்கவேண்டும். இவை சிறியவை, செதுக்கலும் செப்பமற்றது. நிறுவியோருள் பலர் பதவி எதனையும் குறிக்கவில்லை. சில பீடங்களில் நிறுவியவர் பெயரே இல்லை. தெய்வத்தின் பெயரும் நிலையாக இல்லை: வெட்டெரிஸ், விட்டிரிஸ், ஹுவிட்டிரிஸ் எனப் பலவாறு வருகிறது, ஓரிடத்தில் ஒருமை, பிறிதோரிடத்தில் பன்மை. யூப்பிட்டரின் பெயரோ முதலெழுத்துச் சுருக்கமாகவே பொறிக்கப்படும் அளவிற்கு வரையறை பெற்றிருந்தது. வெட்டெரிஸுக்கு அத்தகைய எழுத்து மரபு இருந்ததாகத் தெரியவில்லை. காதால் கேட்ட பெயரைத் தத்தம் நாவிற்கேற்ப எழுதியிருத்தல் வேண்டும்.