தறிக்குழியும் கருந்திரியும்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது அருப்புக்கோட்டையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையைத் தாண்டி இருட்டான முன் அறைக்குள் ஓடினவன், தொபுக்கடீர்னு ஒரு குழிக்குள் இறங்கிட்டேன். முழங்கால் சிராய்ப்பு. அவங்க அப்பா தூக்கி விட்டுட்டு, "அது எங்க ஆபீஸ் தம்பி, பாத்து வா"ன்னார்.

எங்க மாவட்டத்தில் 'ஆபீஸ்' என்றால் மேஜை, ஃபேன், ஃபைல் எல்லாம் கிடையாது. தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு செய்யும் இடம் பயர் ஆபீஸ். ஆனா வீட்டு நடுவுல ஆபீஸ் இருந்ததை அன்னிக்குத்தான் பார்த்தேன். வீடும் வேலையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது வரமா, சாபமா? இந்தக் கேள்விக்கு எங்க மாவட்டத்துக்குள்ளேயே ரெண்டு பதில் இருக்கு.

முதல் பதில் அந்தக் குழி. குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பார். மண்ணின் ஈரப்பதம் பருத்தி நூல் அறுந்து போகாமல் காப்பாத்தும். பக்கத்தில் அம்மாவோ பாட்டியோ ராட்டையில் தார் சுத்துவாங்க. அடுப்பில் உலை கொதிக்கும், நடுவில் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வாடகை வீட்டில் ஆணி அடிச்சாலே முகம் சுளிக்கும் வீட்டுக்காரர், நடு வீட்டில் குழி தோண்ட விடுவாரா? ஆக, குழித்தறிக்காரருக்குச் சொந்தத் தரை வேணும். சொந்த வீடு அவருக்கு அந்தஸ்து இல்லை, தொழில் கருவி. நாடா, அச்சு மாதிரி வீடும் ஒரு கருவி.

வீடு மட்டும் போதாது, தெருவும் வேணும். பாவு நூலை நீளமா இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, சிக்கெடுத்து ஆத்தணும். அதுக்கு வீட்டுக்குள் ஏது இடம்? அருப்புக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் பக்கம் பழைய நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் நடந்தவங்களுக்குத் தெரியும், தெரு முழுக்கப் பாவு நீண்டு கிடக்கும், நாம ஓரமாத்தான் போகணும். மழை வந்தால் பாவும் போச்சு, குழியில் தண்ணீர் ஊறித் தறியும் நின்னு போச்சு. ஐப்பசி, கார்த்திகை நெசவாளருக்குப் பட்டினி மாசம்னு சொல்றது இதனாலதான்.

அரசாங்கம் இதைப் புரிஞ்சுக்காமல் இல்லை. 1935-ல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கினப்போ நூலும் விற்பனையும்தான் பெரிய கவலை. 1952-ல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் வந்தது. 1953-ல் மில் துணிக்குக் கஜத்துக்கு 3 பை வரி போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் திருப்பி விட்டார்கள். அந்த நிதி கூட்டுறவுச் சங்கங்கள் வழியா நெசவாளர் குடியிருப்புகளுக்கும் போனது. இன்னைக்கும் பல ஊர்களில் பஸ் ஸ்டாப் பெயரா மட்டும் மிஞ்சி நிக்கிற 'நெசவாளர் காலனி'களில் பலதும் இப்படிக் கூட்டுறவு வழியா எழுந்தவை. அப்புறம் 1985-86-ல் தறிக்கூடத்தோடு சேர்ந்த வீடு என்றே ஒரு மத்திய அரசுத் திட்டம் வந்தது. (ராமநாதபுரத்திலிருந்து எங்க மாவட்டம் பிரிஞ்சதும் 1985-லதான்.)

தறிக்கு ஏத்த மாதிரி வீடு கட்டுறது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லீங்க. பிரான்ஸில் லியோன் நகரப் பட்டு நெசவாளர்களின் வீடுகளுக்குக் கூரை சுமார் 4 மீட்டர் உயரம், ஜன்னலும் பெரிசு. ஜக்கார்டு தறி நிமிர்ந்து நிக்கணுமே! கூலி பத்தலைன்னு 1831-லும் 1834-லும் அவங்க கலகம் பண்ணினதும் வரலாறு. நம்ம ஊரில் தறிக்காகத் தரையைத் தோண்டினோம், அங்கே கூரையை உயர்த்தினாங்க. கூலிப் பிரச்சினை மட்டும் ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான்.

ஏன்னா வீட்டுத் தறிக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. கூலி ஒரு ஆளுக்கு, உழைப்பு மொத்தக் குடும்பத்துக்கு. தார் சுத்தின அம்மா பேர் எந்தக் கூலிப் புத்தகத்திலும் ஏறாது.

இந்த இருட்டுப் பக்கம் பெரிசாத் தெரியணும்னா சிவகாசிக்குப் போகணும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு 1923-ல் திரும்பி வந்த கதை எல்லாருக்கும் தெரிஞ்சது. அதுக்கப்புறம் பெட்டி ஒட்டும் வேலை கட்டுக் கட்டா வீடுகளுக்குள் வந்தது. பசைக் கிண்ணத்தைச் சுத்தி உட்கார்ந்ததில் பிள்ளைகளும் உண்டு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் பிள்ளைகளை வைக்கக் கூடாதுன்னு சொன்னது. கூடவே ஒரு விலக்கும் கொடுத்தது: குடும்பத்தார் தாங்களே நடத்தும் வேலையிடத்துக்குத் தடை பொருந்தாது! வீடு என்கிற சொல் அங்கே ஒரு சந்து ஆயிடுச்சு. அபாயகரமான தொழில்களுக்கு அந்தச் சந்தை அடைக்க 2016 திருத்தம் வரை ஆனது.

பட்டாசு விஷயத்தில் சட்டம் தெளிவு. குடியிருக்கும் வீட்டில் மருந்தைத் தொடவே கூடாது. ஊருக்கு வெளியே லைசென்ஸ் வாங்கின இடம், ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளிச் சின்ன ரூம்கள், ரூமுக்கு இத்தனை ஆள்தான், இவ்வளவு மருந்துதான். ஒண்ணு வெடிச்சா அடுத்தது தப்பணும் என்கிற கணக்கு. அந்தக் கணக்கை மீறினால் என்ன ஆகும்னு 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பார்த்தோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள்.

அப்படியிருந்தும் வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் வீட்டில் கருந்திரி சுத்தினார், வெடி பின்னினார்னு கைதுச் செய்தி வந்துக்கிட்டே இருக்கு. சில சமயம் கைதுக்கு முன்னாடியே வீடு போயிடுது. அவங்களுக்கு அபாயம் தெரியாதுன்னு நினைக்காதீங்க, நம்மைவிட நல்லாத் தெரியும். ஆலை மூடியிருக்கும் மாசத்திலும் ரேஷன் கடைக்குப் போகணும், வாங்கின முன்பணம் கழியணும், கைப்பிள்ளையை விட்டுட்டு வெளியே போக வழியில்லை. நெசவாளர் வீட்டில் தறி இருந்ததுக்கும் இவங்க வீட்டில் திரி இருக்கிறதுக்கும் காரணம் ஒண்ணேதான். விளைவுதான் வேற.

அதனால கைவினைஞருக்கு வீட்டோடு வேலையிடம்னு யாராவது பேசினா நான் முதலில் ஒண்ணு கேட்பேன்: உள்ளே என்ன வைக்கப் போறீங்க? தறின்னா குழிக்குத் தரையும் பாவுக்குத் தெருவும் கொடுங்க, தார் சுத்துறவங்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுங்க. அடுக்குமாடியில் ரெண்டாவது மாடி வீடு கொடுத்தா அது நெசவாளருக்கு வீடே இல்லை. மருந்துன்னா வீட்டைச் சும்மா விடுங்க. ஆனா வீட்டைச் சும்மா வைக்கிற அளவுக்கு, ஆலை மூடின மாசத்துக்கும் சேர்த்துக் கஞ்சிக்கு வழி பண்ணிட்டு அப்புறம் சட்டம் பேசுங்க.

போன வருஷம் அந்த நண்பன் வீட்டுக்குத் திரும்பவும் போனேன். குழியை மண் போட்டு மூடி, மேலே டைல்ஸ் ஒட்டியாச்சு. தெருவில் வரிசையா பைக். "பையன் பயர் ஆபீஸ்ல கணக்குப் பிள்ளை, பைக்லதான் போயிட்டு வர்றான்"னான். அவன் அம்மா மட்டும் குழி இருந்த இடத்தைச் சுத்தித்தான் இன்னமும் நடந்து போறாங்க.