இரவல் ஸ்கிரிப்டும் அரக்கு முத்திரையும்

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனில் மக்களின் தகவல்களைப் பாதுகாப்பதற்கென்றே இருக்கும் ஐ.சி.ஓ. அலுவலகத்தின் தளத்தைத் திறந்தவர்களின் கணினிகள், அவர்களுக்கே தெரியாமல் யாருக்கோ மொனேரோ நாணயம் தோண்ட ஆரம்பித்தன. அங்கே மட்டுமில்லைங்க. அமெரிக்க நீதிமன்றங்களின் தளம், பிரிட்டிஷ் அரசு மருத்துவத் தளங்கள் என்று 4,000-க்கும் மேல். இத்தனை தளங்களையும் யாரும் உடைக்கவில்லை. உடைத்தது ஒரே ஒரு கோப்பை. வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் 'பிரவுஸ்அலவுட்' ஸ்கிரிப்ட் அது. எல்லோரும் அதை டெக்ஸ்ட்ஹெல்ப் நிறுவனத்திடமிருந்து இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரவல் பழக்கம் பழசுதான். 2008-ல் கூகுள், ஜேக்வெரி போன்றவற்றைத் தன் வழங்கியிலிருந்தே இலவசமாகத் தர ஆரம்பித்ததும் இன்னும் பரவியது. பக்கம் சீக்கிரம் திறக்கும், நம் வழங்கிக்கும் சுமை குறைவு. யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் உலாவியைப் பொறுத்தவரை அப்படி வந்த நிரல் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். கடவுச்சொல் பெட்டி வரை கை நீளும். ஸ்டைல்ஷீட்டும் அப்படியொன்றும் சாது கிடையாது. படிவத்தில் இருக்கும் எழுத்துக்கு ஏற்ப ஒரு படத்தை அழைக்க வைத்தே தகவலைக் கடத்திவிடலாம்.

இதற்கென்று கூகுள், மொசில்லா, டிராப்பாக்ஸ் ஆட்கள் சேர்ந்து எழுதியதுதான் 'சப்ரிசோர்ஸ் இன்டெக்ரிட்டி'. 2015-ல் குரோமிலும் பயர்பாக்ஸிலும் வந்தது. 2016 ஜூனில் டபிள்யூ3சி பரிந்துரையானது. கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டு ஸ்கிரிப்ட் டேகிலேயே எழுதிவிட வேண்டும். உலாவி கோப்பை இறக்கியதும் தானும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கும். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் ஓட விடாது. காப்பீட்டுத் தபாலின் அரக்கு முத்திரை மாதிரி.

அப்புறம் ஏன் 2018-ல் அப்படி ஆச்சு? அந்த ஒரு வரி இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்றுதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்த ஸ்காட் ஹெல்மும் எழுதினார். இங்கே புனேயில் கூட வேலை பார்ப்பவர்களிடம் அதைச் சேர்க்கச் சொன்னால் 'ச்சோடோ யார்' என்று சிரிப்பார்கள். முழுக்கச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். கொடுப்பவர் அதே முகவரியில் சத்தமில்லாமல் கோப்பைப் புதுப்பித்தால் முத்திரை உடையும், தளத்தில் ஏதாவது படுத்துவிடும், திட்டு நமக்கு விழும்.

பாலிஃபில்.ஐஓ இன்னும் சிக்கல். பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை நிரப்பித் தருவது அதன் வேலை. ஒவ்வொரு உலாவிக்கும் வேறு வேறு கோப்பு போகும் என்பதால் ஒரே ஹாஷுக்கு வழியே இல்லை. 2024 பிப்ரவரியில் அந்த முகவரி ஃபன்னல் என்ற சீன நிறுவனத்திடம் கைமாறியது. அந்தச் சேவையை உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், 'உடனே எடுத்துவிடுங்கள்' என்று அப்போதே சொன்னார். கேட்டவர்கள் கொஞ்சம். ஜூனில் பார்த்தால், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஸ்கிரிப்ட், கைபேசியில் வந்தவர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. இதில் பூட்டை உடைத்தவன் யாருமில்லை, வீட்டைச் சாவியோடு விலைக்கு வாங்கியிருந்தார்கள்.

மாதக் கடைசியில் நேம்சீப் அந்த முகவரியை முடக்கியது. கிளவுட்ஃப்ளேர், தன் வழியாகப் போகும் தளங்களில் அந்த இணைப்பைத் தானே மாற்றித் தன் நகலுக்குத் திருப்பிவிட்டது. அதுவும் இரவல்தான்.