லோதி ரோடும் தென்துருவமும்: செய்து கற்ற ஒரு வரலாறு

தில்லி லோதி ரோட்டில் புவி அறிவியல் அமைச்சகத்தின் பிருத்வி பவனும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் பவனும் அமைந்துள்ளன. கடலே இல்லாத இந்நகரத்திலிருந்துதான் இந்தியாவின் துருவ ஆய்வு நிர்வகிக்கப்படுகிறது. துருவப் பெருங்கடலை ஒருநாளும் காண வாய்ப்பில்லாத மாணவருக்கு அதனை எவ்வாறு கற்பிப்பது? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், இந்திய அரசு அதனை எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதை முதலில் நோக்குதல் நலம்.

1981 ஜூலையில் கடல் மேம்பாட்டுத் துறை உருவாக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே எஸ். இஸட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட குழு, 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வே நாட்டுக் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் கால் பதித்தது. மூன்றாம் பயணத்தின்போது, 1983–84இல், 'தட்சிண கங்கோத்ரி' நிலையம் எழுந்தது. அங்கு ஓர் இந்திய அஞ்சலகமும் செயல்பட்டது.

ஆனால் அந்நிலையம் நின்ற தளம் பாறையன்று. கடல்மீது நீண்டு மிதக்கும் பனித்தட்டு. ஆண்டுதோறும் பெய்த பனி கட்டடத்தின்மேல் குவிந்து அதனைப் படிப்படியாக மூடியது. சில ஆண்டுகளிலேயே அதனைக் கைவிட நேர்ந்தது. அடுத்த நிலையமான 'மைத்ரி' 1989இல் ஷிர்மாக்கர் பகுதியின் பாறைத் தரையில் அமைந்தது. 2012இல் செயல்படத் தொடங்கிய 'பாரதி'யும் லார்ஸ்மன் குன்றுகளின் பாறைமீதே நிற்கிறது. மிதக்கும் பனிக்கும் நிலத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நாடு கட்டடம் கட்டிக் கற்றது.

அதே வேறுபாட்டைத் தமிழ் வகுப்பறையில் உணர்த்துவது எளிதன்று. முன்பனி, பின்பனி எனப் பருவங்களுக்குப் பெயரிட்ட மொழியில் 'பனி' என்பது முதன்மையாகப் புல்நுனியில் நிற்கும் ஈரத்தையும் விடியற்காலைக் குளிரையுமே சுட்டியது. இன்று அவ்வொரு சொல்லே வானிலிருந்து பொழியும் வெண்பனி, உறைந்த கடல்நீர், நிலத்தின்மேல் படிந்த பனிப்பாளம், கடலில் மிதக்கும் பனிமலை ஆகிய அனைத்தையும் சுமக்கிறது. சொல் ஒன்றாகவே இருக்கும்போது பொருள்களின் வேறுபாட்டைக் கண்ணால் காணச் செய்வதே வழி.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. இரண்டு கிண்ணங்களில் சம அளவு நீர் ஊற்றி, ஒன்றில் பனிக்கட்டிகளை மிதக்கவிட வேண்டும். மற்றதில் நீர்மட்டத்திற்கு மேல் நிற்கும் கல்லொன்றின்மீது அவற்றை வைக்க வேண்டும். இரண்டிலும் தொடக்க நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உருகியபின் முதற்கிண்ணத்தின் மட்டம் மாறுவதில்லை; இரண்டாவதில் உயர்கிறது. நிலப்பனி உருகினால் கடல்மட்டம் ஏன் ஏறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கமில்லை.

வண்ணமிட்ட குளிர்ந்த உப்புநீரை வெதுவெதுப்பான நன்னீரில் மெல்ல ஊற்றினால் அது அடியில் சென்று தங்கும். கடல் உறையும்போது உப்பின் பெரும்பகுதி வெளியேற்றப்படுகிறது. அதனால் அடர்ந்த குளிர்நீர் ஆழத்தில் இறங்குகிறது. அண்டார்டிகாவைச் சுற்றி இவ்வாறு இறங்கும் நீர் இந்தியப் பெருங்கடலின் அடித்தளம்வரை பரவுகிறது. அவ்வகையில், சென்னைக் கடற்கரையில் நிற்கும் மாணவருக்கும் தென்துருவம் முற்றிலும் அந்நியமன்று.

வனஸ்பதி நிரப்பிய இரட்டைப் பைக்குள் கையை நுழைத்துப் பனிநீரில் அமிழ்த்தினால், திமிங்கலத்தின் கொழுப்படுக்கு எவ்வாறு வெப்பத்தைக் காக்கிறது என்பது விளங்கும். மாணவர்கள் வட்டமாக நின்று பாசி, கிரில், பென்குயின், சீல், திமிங்கலம் எனக் கயிற்றால் இணைந்தபின் கிரிலை விலக்கினால், கயிறு முழுவதும் தளரும். கடற்பனியின் அடியில் வளரும் பாசியே இளங்கிரிலின் குளிர்கால உணவு. பனி குறைந்தால் எது முதலில் பசித்திருக்கும் என்பதை மாணவர் தாமே கூறுவர்.

2007–08 சர்வதேசத் துருவ ஆண்டு ஆய்வோடு கல்வியையும் தன் நோக்கங்களுள் ஒன்றாக ஏற்றது. இந்தியாவும் 2007இல் முதல் ஆர்க்டிக் பயணத்தை மேற்கொண்டு, 2008இல் ஸ்வால்பார்டில் 'ஹிமாத்ரி' நிலையத்தைத் திறந்தது. நிலையங்கள் பெருகின, அவற்றின் அறிவு பள்ளி மேசைக்கு வந்துசேர்வது மட்டும் இன்னும் மெதுவாகவே நிகழ்கிறது.

தட்சிண கங்கோத்ரி இன்று பனிக்குள் புதைந்து கிடக்கிறது. பாடநூலில் அதன் பெயரும் ஆண்டும் இடம்பெறலாம். அது ஏன் புதைந்தது என்பதை மாணவர் அறிய இரண்டு கிண்ணங்களும் சிறிது பனிக்கட்டியும் கொண்டு தொடங்கலாம்.